கலீபா நின்ற காசு

வரலாற்றுத் தொடர் – பகுதி 14

கி.பி. 651இல் மெர்வ் நகருக்குப் பக்கத்தில் மூன்றாம் யஸ்தகிர்த் கொலையுண்டான். நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஈரானை ஆண்ட சாசானிய வம்சம் அத்தோடு முடிந்தது. அதை முடித்த அரபுப் படையெடுப்பைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். மன்னன் போனான், அவன் காசு போகவில்லை. பீஷாப்பூரிலும் தாராப்கிர்திலும் இஸ்தக்ரிலும் அதே அளவு வெள்ளித் தகட்டில் அதே படத்தைத்தான் தொடர்ந்து அடித்தார்கள். வேலை வாங்கியவர்கள் மட்டும் மாறியிருந்தார்கள். இப்போது அவர்கள் அரபு ஆளுநர்கள்.

அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்காசைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அகலம் சுமார் மூன்று சென்டிமீட்டர், எடை நாலு கிராம் அளவு. தகடு மெல்லியது, அழுத்திப் பிடித்தால் வளைந்துவிடுமோ என்று தோன்றும். முன்புறம் தாடியும் காதணியுமாக ஒரு மன்னனின் மார்பளவு உருவம். மகுடத்தின் மேல் இரண்டு சிறகுகள், அவற்றுக்கு மேலே பிறையும் நட்சத்திரமும். முகத்துக்கு முன்னால் ஈரானியரின் பஹ்லவி எழுத்தில் 'குஸ்ரூ' என்று பெயர். பின்னால் 'மகிமை பெருகுக' என்ற வாழ்த்து. இவன் 628இல் மாண்டுபோன இரண்டாம் குஸ்ரூ. பின்புறம் திருப்பினால் நெருப்பு எரியும் பீடம், அதன் இருபக்கமும் காவலாக நிற்கும் இருவர். சரதுஷ்டிர சமயத்தின் புனித நெருப்பு அது. பீடத்துக்கு ஒருபக்கம் ஆண்டு, மறுபக்கம் ஊரின் சுருக்கப் பெயர்.

இதில் முஸ்லிம் ஆட்சியின் அடையாளம் எங்கே இருக்கிறது? முன்புற விளிம்பின் கீழ்ப்பகுதியில், வட்டக் கோட்டுக்கு வெளியே, புள்ளிகள் இல்லாத கூஃபி எழுத்தில் ஒரே ஒரு சொற்றொடர்: பிஸ்மில்லாஹ். அல்லாஹ்வின் பெயரால். அவ்வளவுதான்.

மக்காவில் கஃபாவின் சிலைகள் அகற்றப்பட்டு இன்னும் முப்பது ஆண்டு நிறையவில்லை. அந்தச் சமூகத்தின் ஆளுநர்கள் நெருப்புப் பீடம் பொறித்த காசில் படைவீரனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், அதே காசில் வரி வாங்கினார்கள். இதை முரண்பாடாகப் பார்ப்பது இன்றைய கண். அன்றைய ஆளுநரின் இடத்தில் நின்று யோசித்தால் விஷயம் எளிது. ஈரானின் குடியானவனும் வணிகனும் நாணயம் மாற்றுபவனும் நம்பிய காசு அது ஒன்றுதான். அவர்கள் காசைப் படிக்கவில்லை, பார்த்தார்கள். சிறகு வைத்த மகுடம் இருந்தால் வெள்ளி நல்ல வெள்ளி. அந்த முகத்தை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொறித்தால் மறுநாளே வட்டம் கேட்பார்கள், அல்லது வாங்கவே மாட்டார்கள். அச்சு வெட்டியவர்களும் கணக்கு எழுதியவர்களும் பழைய ஆட்கள்தாம். ஆகவே அரபு ஆளுநரின் பெயரே பஹ்லவி எழுத்தில் குஸ்ரூவின் முகத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. ஈராக்கை ஆண்ட ஸியாத் பின் அபூ சுஃப்யானின் பெயர் அப்படித்தான் காசில் இருக்கிறது. தாராப்கிர்தில் அடித்த ஒரு காசில் கலீபா முஆவியாவின் பெயரும், 'அமீருல் முஃமினீன்' (நம்பிக்கையாளர்களின் தலைவர்) என்பதற்கு நிகரான பாரசீகப் பட்டமும் இருக்கின்றன. முகம் மட்டும் குஸ்ரூவின் முகம்.

இந்தக் காசுகளின் ஆண்டுக் கணக்கு ஆய்வாளர்களைப் படாத பாடு படுத்தியிருக்கிறது. ஹிஜ்ரி ஆண்டு ஒன்று; யஸ்தகிர்த் பட்டமேறிய 632இலிருந்து எண்ணும் ஆண்டு ஒன்று; அவன் இறந்த 651இலிருந்து எண்ணும் ஆண்டு இன்னொன்று. மூன்றும் ஒரே நிலப்பரப்பில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் புழங்கின. காசில் '35' என்று இருந்தால் அது சுமார் 655ஆகவும் இருக்கலாம், 666ஆகவும் இருக்கலாம், 686ஆகவும் இருக்கலாம். எந்த ஊர், எந்த ஆளுநர் என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜான் வாக்கர் 1941இல் வெளியிட்ட பட்டியல்தான் இந்தச் சிக்கலை முதன்முதலில் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. இன்றுவரை அதன்மேல் ஏறி நின்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள்.

மேற்கே சிரியாவில் நிலைமை வேறு. அங்கே வெள்ளிக்காசு வழக்கத்தில் இல்லை, பொன்னும் செம்பும்தான். பொன் பைசாந்திய சொலிடஸ். செம்புக்காசை உள்ளூரிலேயே அடித்துக்கொண்டார்கள். ஹிம்ஸ் நகரின் செம்புக்காசு ஒன்றில் நேர்முகமாகப் பார்க்கும் பேரரசர், கையில் சிலுவை வைத்த உருண்டை. பக்கத்தில் கிரேக்கத்தில் 'காலோன்', அதாவது 'நல்லது'. பின்புறம் கிரேக்கத்தில் நாற்பதைக் குறிக்கும் 'எம்' எழுத்து. அது காசின் மதிப்பு. அதற்குக் கீழே அரபியில் 'தய்யிப்', அதுவும் 'நல்லது' என்றே சொல்கிறது. ஊர்ப் பெயரும் இரண்டு மொழியிலும் உண்டு. டமாஸ்கஸ் காசில் 'செல்லும்' என்று பொருள்படும் அரபுச் சொல் வருகிறது. கிறிஸ்தவப் பேரரசரின் படமும் சிலுவையும் முஸ்லிம் ஆட்சியின் ஒப்புதல் முத்திரையும் ஒரே செம்புத் துண்டில் இருப்பதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஜோர்தானின் பக்கம் பைசான், ஜெரஷ் ஊர்களில் இன்னும் பழையதைத் தேடிப் போனார்கள். 578இல் இறந்த இரண்டாம் ஜஸ்டினும் அவர் மனைவி சோபியாவும் சிம்மாசனத்தில் சேர்ந்து அமர்ந்திருக்கும் படம் அந்தக் காசுகளில் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய தம்பதி!

கல்லிலும் இதே கதைதான். ஹம்மத் காதெர் வெந்நீர்க் குளியல் மண்டபத்தை ஹிஜ்ரி 42இல் முஆவியாவின் ஆட்சியில் புதுப்பித்தபோது வைத்த கிரேக்கக் கல்வெட்டு, அவரை 'அப்தல்லா மாவியா, அமீருல் முஃமினீன்' என்று அழைக்கிறது. அந்தக் கல்வெட்டின் முதல் குறியே ஒரு சிலுவை. உள்ளூர் சிற்பி தன் வழக்கப்படி தொடங்கினான். ஆட்சியாளர் அதைச் செதுக்கி எடுக்கச் சொல்லவில்லை.

ஆனால் பொன்னில் முஆவியா கை வைத்துப் பார்த்தார். ஏழாம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்ட மரோனிய வரலாற்றேடு அதைப் பதிவு செய்திருக்கிறது. அவர் பொன்னும் வெள்ளியும் அடித்தார், அதில் சிலுவை இல்லாததால் மக்கள் ஏற்கவில்லை என்கிறது அந்த ஏடு. ஹெராக்ளியஸும் அவர் மகன்கள் இருவரும் நிற்கும் சொலிடஸைப் பார்த்து அடித்த சில பொற்காசுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. படம் அப்படியே இருக்கிறது. மகுடங்களின் மேலிருந்த குட்டிச் சிலுவைகள் மட்டும் காணோம். பின்புறம் படிக்கட்டின் மேல் நிற்கும் பெரிய சிலுவையின் குறுக்குச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். மிஞ்சியது படிகளின் மேல் ஒரு கம்பம். ஏடு சொல்லும் காசு இதுதானா என்று நாணயவியலாளர்கள் வாதிடுகிறார்கள். கிளைவ் ஃபாஸ் போன்றவர்கள் ஆம் என்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. எப்படியானாலும் அந்தக் கம்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரப்போகிறது.

இதுவரை சொன்ன எந்தக் காசிலும் நபிகள் நாயகத்தின் பெயர் இல்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பீர்கள். இந்த மௌனத்தை வைத்து ஒரு வாதம் கிளம்பியது. நபிகள் என்று ஒருவர் இருந்ததே சந்தேகம். 'முஹம்மத்' என்பது முதலில் ஏசுவுக்கான ஒரு புகழ்மொழி. காசிலிருக்கும் சிலுவைகளே அதற்குச் சான்று என்று சில ஜெர்மானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். கேட்கப் பரபரப்பாக இருக்கிறது. ஆனால் நிற்காது. 640 வாக்கில் எழுதிய தாமஸ் என்ற சிரியாக் பாதிரியார், 634இல் காஸா அருகே நடந்த போரைக் குறிப்பிடும்போது 'முஹம்மதின் அரபிகள்' என்றே எழுதுகிறார். அவர் முஸ்லிம் அல்லர். புகழ்மொழி பாட அவருக்கு ஒரு காரணமும் இல்லை. காசில் பெயர் இல்லை என்றால் காசில் பெயர் எழுதும் தேவை இன்னும் எழவில்லை என்று மட்டுமே பொருள். தேவையை உண்டாக்கியது போர். வெளியாரோடு நடந்த போர் அன்று, தங்களுக்குள் நடந்த போர்.

683இல் கலீபா யஸீத் இறந்ததும் மூண்ட அந்த இரண்டாம் உள்நாட்டுப் போரைச் சென்ற பகுதியில் விரிவாகப் பார்த்தோம். மக்காவில் அப்துல்லாஹ் பின் ஸுபைர் கலீபாவாக அறிவித்துக்கொண்டார். டமாஸ்கஸில் உமையா குலத்தின் மர்வானும் அவருக்குப் பின் மகன் அப்துல் மலிக்கும். ஈரானில் காரிஜிகள். மூன்று தரப்பும் தொழுவது ஒரே கிப்லாவை நோக்கி. மூன்றுமே தாங்கள்தாம் நபிவழி நிற்பவர்கள் என்றன. இப்போது 'பிஸ்மில்லாஹ்' மட்டும் போதவில்லை. அதை எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

ஹிஜ்ரி 66, அதாவது கி.பி. 685–86. பீஷாப்பூர். ஸுபைர் தரப்பைச் சேர்ந்த ஆளுநர் அப்துல் மலிக் பின் அப்துல்லாஹ் (டமாஸ்கஸ் கலீபாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) அடித்த வெள்ளிக்காசின் விளிம்பில், 'பிஸ்மில்லாஹ்' என்பதைத் தொடர்ந்து 'முஹம்மது ரசூலுல்லாஹ்' என்ற சொற்கள் வருகின்றன. ஆண்டு குறித்த காசுகளில் நபிகளின் பெயர் வரும் முதல் இடம் இதுவே. நபிகள் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. முகம் அப்போதும் குஸ்ரூவின் முகம், பின்னால் அப்போதும் நெருப்பு.

காரிஜிகளின் தலைவர் கதரி பின் ஃபுஜாஆ. போர்வீரர், நல்ல கவிஞர். அவரும் தம்மை அமீருல் முஃமினீன் என்று பஹ்லவியில் எழுதிக்கொண்டார். விளிம்பில் அரபியில் தம் கட்சியின் முழக்கத்தைப் பொறித்தார்: தீர்ப்பு அல்லாஹ்வுக்கே உரியது. பாவம் செய்தவன் முஸ்லிமே அல்லன் என்று வாள் எடுத்த கூட்டம் அது. அந்தக் கூட்டத்தின் காசிலும் குஸ்ரூவும் நெருப்புப் பீடமும் அப்படியே இருக்கின்றன. மார்க்க விஷயத்தில் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்காதவர்களும் காசின் முகத்தில் கை வைக்கத் துணியவில்லை. பழகிய முகத்துக்குச் சந்தையில் இருந்த பிடி எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நெருப்பை முதலில் அணைத்தவர் யார் என்று கேட்டால், நான் கிழக்கு எல்லையைக் காட்டுவேன். ஹிஜ்ரி 72இல் சிஜிஸ்தானில் (இன்று ஈரானும் ஆப்கானிஸ்தானும் சந்திக்கும் பகுதி) ஆளுநர் அப்துல் அஸீஸ் பின் அப்துல்லாஹ் ஒரு காசு வெளியிட்டார். அதன் பின்புறத்தில் பீடமும் இல்லை, காவலர்களும் இல்லை. அந்த இடத்தில் ஐந்து வரி எழுத்து: ஆண்டு, ஊர், நடுவே கலிமா. ஆனால் கலிமா அரபியில் இல்லை, பஹ்லவியில் இருக்கிறது. இறைவன் அவன் ஒருவனே, வேறு இறைவன் இல்லை, முஹம்மது இறைவனின் தூதர் என்று, ஈரானியன் தன் பழைய இறைவனுக்குப் பயன்படுத்திய அதே 'யஸ்த்' என்ற சொல்லைக் கொண்டு எழுதியிருக்கிறார்கள். உள்ளூரார் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பிய ஓர் ஆளுநரின் வேலை இது. காசைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் படிக்க வைக்க நினைத்த முதல் ஆள் அவர்தான். அந்த முயற்சி தொடரவில்லை என்பதில் எனக்கு வருத்தமே.

*

அதே ஹிஜ்ரி 72இல் ஜெருசலேமில் பாறைக் குவிமாடம் எழுந்தது. உள்ளே எண்கோண வளைவு வரிசையின் மேல் பொன்னிற மொசைக்கில் ஓடும் நீண்ட எழுத்து வரி, ஏக இறைவன், இணையில்லாதவன், முஹம்மது அவன் தூதர் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. எதிரிகள் காசில் தொடங்கிவைத்த முழக்கத்தை அப்துல் மலிக் கட்டடத்தின் அளவுக்குப் பெரிதாக்கினார். அந்த ஆண்டின் கடைசியில் அவருடைய தளபதி ஹஜ்ஜாஜ் பின் யூசுப் மக்காவை முற்றுகையிட்டார். அடுத்த ஆண்டு இப்னு ஸுபைர் கொல்லப்பட்டார். நாடு ஒரு கையில் வந்தது. இனி காசு.

ஹிஜ்ரி 72இலிருந்து 77 வரை அப்துல் மலிக்கும் அவர் ஆட்களும் செய்து பார்த்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. ஓர் அரசு வாய்விட்டு யோசிப்பதை உலோகத்தில் பார்க்கலாம். வெள்ளியே வழங்காத டமாஸ்கஸில் குஸ்ரூவின் முகத்தோடு வெள்ளிக்காசு அடித்தார்கள், அரபியில் கலிமா சேர்த்து. அது நீடிக்கவில்லை. கலீபாவின் தம்பி பிஷ்ர் பின் மர்வான் ஈராக்கில் ஆளுநர். ஹிஜ்ரி 73 முதல் 75 வரை அவர் அடித்த காசுகளின் பின்புறத்தில் நெருப்புப் பீடம் போய், மூன்று மனிதர்கள் நிற்கிறார்கள். நடுவில் நிற்பவர் இரு கைகளையும் உயர்த்தியிருக்கிறார். யார் இவர்? நாணயவியலாளர் லூக் ட்ரெட்வெல் ஒரு நபிமொழித் தொகுப்பிலிருந்து விடை எடுத்தார். மிம்பரில் நின்று பிஷ்ர் இரு கைகளையும் தூக்கியதைப் பார்த்த நபித்தோழர் உமாரா பின் ருவைபா, அந்தக் கைகளைச் சபித்தார் என்றும், நபிகள் ஒரு விரலை மட்டுமே உயர்த்துவார்கள் என்று சொன்னார் என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி இருக்கிறது. அந்தக் கைகள்தாம் காசில் இருக்கின்றன என்பது ட்ரெட்வெல்லின் கருத்து. மெய்சிலிர்க்க வைக்கும் பொருத்தம் இது. ஒரு வெள்ளிக்கிழமைக் குத்பாவில் ஒருவருக்கு ஏற்பட்ட கோபமும் நாணயச் சாலையில் வெட்டிய அச்சும் பதின்மூன்று நூற்றாண்டு கழித்து ஒன்றையொன்று சந்திக்கின்றன.

டமாஸ்கஸ் பக்கம் இன்னொரு காசு. முன்புறம் பழைய பாரசீகப் பாணியில் ஓர் உருவம். பின்புறம் இரண்டு தூண்களின் மேல் ஒரு வளைவு. வளைவுக்குள் செங்குத்தாக ஓர் ஈட்டி. இருபக்கமும் 'அமீருல் முஃமினீன்', 'கலீஃபத்துல்லாஹ்' என்ற பட்டங்கள். ஈட்டியை ஒட்டி, அல்லாஹ்வின் உதவி என்ற பொருளில் இரு சொற்கள். 1952இல் ஜார்ஜ் மைல்ஸ் இதைப் பள்ளிவாசலின் மிஹ்ராப் என்றும், ஈட்டி நபிகளின் 'அனஸா' என்றும் விளக்கினார். தொழும்போது எதிரே ஊன்றி வைக்கும் ஈட்டி அது. அழகான விளக்கம்தான்; பல பத்தாண்டுகள் எல்லோரும் அதையே எழுதினார்கள். ஆனால் குழிந்த மிஹ்ராப் பள்ளிவாசலில் வந்தது அப்துல் மலிக்கின் மகன் வலீத் காலத்தில் என்று அரபு நூல்கள் சொல்கின்றன. காசு அதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தியது. வளைவும் தூண்களும் ரோமானிய மரபில் புனிதப் பொருளை வைக்கும் மாடத்தின் வடிவம் என்று ட்ரெட்வெல் 2005இல் மறுத்தார். சிலுவை இருக்க வேண்டிய மாடத்தில் வெற்றி ஈட்டியை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது அவர் கணிப்பு. நான் அவர் பக்கம். ஆனால் அந்தப் பட்டத்தை மறந்துவிடக் கூடாது. 'அல்லாஹ்வின் தூதருக்குப் பின் வந்தவர்' என்பதல்ல, 'அல்லாஹ்வின் பிரதிநிதி' என்றே காசு சொல்கிறது. பிற்கால உலமாக்கள் பலர் முகம் சுளித்த உரிமைக்கோரல் அது.

இனி பொன். ஹிஜ்ரி 74இல், கி.பி. 693–94இல், டமாஸ்கஸில் ஒரு தினார் வெளிவருகிறது. முன்புறம் நேராக நம்மைப் பார்த்து நிற்கும் ஒரு மனிதர். நீண்ட தாடி, இருபுறமும் தொங்கும் கூந்தல், கணுக்கால் வரை அங்கி, இடுப்பில் உறையிட்ட வாள்; வலக்கை வாளின் பிடியில். மகுடம் இல்லை. உருண்டை இல்லை. கோல் இல்லை. பைசாந்தியப் பேரரசரிடம் இருந்த ஒரு பொருள்கூட இவரிடம் இல்லை. உருவத்தைச் சுற்றி அரபியில் கலிமா முழுவதும். பின்புறம் அதே படிக்கட்டு, அதே கம்பம். உச்சியில் ஓர் உருண்டை. சுற்றிலும், அல்லாஹ்வின் பெயரால் இந்தத் தினார் இன்ன ஆண்டில் அடிக்கப்பட்டது என்ற வாசகம். இந்தத் தினார்கள் 77ஆம் ஆண்டு வரை வந்தன. இன்று மிக அரிது. பெரும்பாலானவை உருக்கப்பட்டிருக்க வேண்டும். செம்பிலோ இதே உருவம் அலெப்போ, கின்னஸ்ரீன், ஹிம்ஸ், டமாஸ்கஸ், அம்மான், மன்பிஜ் என்று ஊர் ஊராக அடிக்கப்பட்டது.

நிற்பவர் யார்? பல செம்புக்காசுகளில் சந்தேகத்துக்கே இடமில்லை. 'அல்லாஹ்வின் அடியார் அப்துல் மலிக், அமீருல் முஃமினீன்' என்று உருவத்தைச் சுற்றி எழுதியிருக்கிறது. ஆனால் ஹர்ரான், ருஹா போன்ற வடக்கு ஊர்களின் காசில் உருவத்துக்குப் பக்கத்தில் 'முஹம்மது' என்ற பெயர். ஜெருசலேம் காசில் உருவத்தைச் சுற்றி 'முஹம்மது ரசூலுல்லாஹ்' மட்டும், கலீபாவின் பெயர் இல்லை. இதை வைத்து ராபர்ட் ஹொய்லண்ட், நிற்பவர் நபிகளாகவே இருக்கலாம் என்று 2007இல் எழுதினார். எதிரே கான்ஸ்டான்டினோபிளில் இரண்டாம் ஜஸ்டினியன் என்ன செய்தார் என்பதே அவருக்குப் பலம். 690களின் தொடக்கத்தில் ஜஸ்டினியன் தன் பொற்காசின் முன்புறத்தைக் கிறிஸ்துவுக்கு விட்டுக்கொடுத்தார். நேர்முகமாகக் கிறிஸ்துவின் திருமுகம். பேரரசர் பின்புறத்துக்குப் போய், சிலுவையைப் பிடித்தபடி, 'கிறிஸ்துவின் அடியான்' என்ற பட்டத்தோடு நிற்கிறார். அவர்கள் கிறிஸ்துவைப் போட்டால் இவர்கள் நபிகளைப் போட்டிருக்கலாமே என்பது வாதம்.

நான் ஏற்கவில்லை. சுற்றியுள்ள எழுத்து படத்தின் பெயர்ப்பலகையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. குஸ்ரூவின் படத்தைச் சுற்றியும் 'முஹம்மது ரசூலுல்லாஹ்' இருந்ததை இப்போதுதான் பார்த்தோம். அலெப்போவில் கலீபாவின் பெயரோடு நிற்கும் அதே தாடி, அதே அங்கி, அதே வாள், ஜெருசலேமில் வேறொருவர் ஆகிவிடுமா? தவிரவும், இந்தத் தினார்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்கே எஞ்சியிருந்த நபித்தோழர்கள் உருவம் இருப்பதை மட்டும் வெறுத்தார்கள் என்று அரபு நூல்கள் சொல்கின்றன. நபிகளின் உருவமே என்று ஒருவருக்குத் தோன்றியிருந்தால் எழுந்திருக்கும் கூக்குரல் வேறு.

அந்தக் கம்பத்துக்கும் விளக்கங்கள் பல. குறை வைத்த சிலுவை என்பார் உண்டு. நபிகளின் கைத்தடி என்பார் உண்டு. பழைய அரபுக் கவிதைகளை ஆராய்ந்த நாடியா ஜமீல், திரிகையின் நடு அச்சான 'குத்பு' அது என்கிறார். கலீபாவைக் கவிஞர்கள் அப்படித்தான் பாடினார்கள், உலகம் சுழலும் அச்சு என்று. சிலுவையை அழிக்கும்போது எவரும் கவிதையை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அழித்த பிறகு மிஞ்சிய வடிவத்துக்கு ஓர் அரபி என்ன பொருள் கொண்டிருப்பான் என்பது நியாயமான கேள்வி.

காசுப் போர் எப்படித் தொடங்கியது என்று ஒன்பதாம் நூற்றாண்டின் பலாதுரி ஒரு கதை சொல்கிறார். எகிப்திலிருந்து கான்ஸ்டான்டினோபிளுக்குப் போகும் பாப்பிரஸ் சுருள்களின் தலைப்பில் கிறிஸ்தவ வாசகம் இருந்தது. அப்துல் மலிக் அதை மாற்றிக் குர்ஆன் வசனம் எழுதச் செய்தார். இதை நிறுத்தாவிட்டால் எங்கள் தினாரில் உங்கள் நபியை இழித்து எழுதுவோம் என்று பேரரசர் மிரட்டினார். யஸீதின் மகன் காலித் சொன்ன யோசனை: அவர்கள் காசைத் தடை செய்யுங்கள், நீங்களே அடியுங்கள். கிரேக்க வரலாற்றாசிரியர் தியோஃபனிஸ் மறுபக்கத்திலிருந்து சொல்கிறார்: அரபிகள் புதிய காசில் கப்பம் கட்டினார்கள், ஜஸ்டினியன் வாங்க மறுத்து ஒப்பந்தத்தை முறித்தார். போர் 692இல் செபாஸ்டோபோலிஸில் நடந்தது, ஜஸ்டினியன் தோற்றார். இரு கதைகளும் பின்னால் எழுதப்பட்டவை, விவரங்களில் மிகை இருக்கும். ஆனால் இரு தரப்பும் காசின் வாசகத்துக்காகவே பகை மூண்டது என்று நினைவில் வைத்திருந்தன.

பிறகு ஹிஜ்ரி 77, கி.பி. 696–97. அந்த ஒரே ஆண்டின் தினார்கள் இரண்டு வகையாகக் கிடைக்கின்றன. ஒன்றில் கலீபா நிற்கிறார். மற்றொன்றில் யாருமே இல்லை.

இரண்டாவதில் எழுத்து மட்டும்தான். சுமார் இரண்டு சென்டிமீட்டர் அகலம், எடை 4.25 கிராம், பழைய சொலிடஸ் அளவை விட்டுப் புதிய எடை. முன்புறம் நடுவே மூன்று வரி: அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை, அவன் ஒருவனே, அவனுக்கு இணையில்லை. சுற்றிலும் நபிகளின் பெயரும், எல்லா மார்க்கங்களுக்கும் மேலாக ஓங்கச் செய்ய அவரை அவன் அனுப்பினான் என்ற ஒன்பதாம் அத்தியாய வசனமும். பின்புறம் 'இக்லாஸ்' அத்தியாயத்தின் வாசகம், பெறவுமில்லை பெறப்படவுமில்லை என்பது வரை. ஜஸ்டினியன் காசில் வைத்த கிறிஸ்துவுக்கு வரிக்கு வரி பதில் அது. கம்பமும் இல்லை, படிக்கட்டும் இல்லை. ஊர்ப் பெயர் இல்லை. கலீபாவின் படம் மட்டுமல்ல, பெயரே இல்லை.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். தன்னை அல்லாஹ்வின் பிரதிநிதி என்று எழுதியவர், வாளோடு நிற்கும் தன் உருவத்தைப் பொன்னில் பொறித்தவர், போட்டியாளர் அனைவரையும் வென்று முடித்த நேரத்தில் தன்னையே காசிலிருந்து எடுத்துவிட்டார். உருவம் கூடாது என்ற எதிர்ப்பு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பெயரை எடுக்கச் சொல்லி யாரும் கேட்டிருக்க முடியாது. உருவத்தில் போட்டியிட்டால் பைசாந்தியரின் களத்தில் அவர்கள் விதிப்படி ஆடுவதாகும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். எழுத்தில் அவர்கள் பதில் சொல்ல முடியாது. கலீபாவின் பெயரில் சண்டை போடலாம். கலிமாவோடு எந்த முஸ்லிம் சண்டை போடுவான்? 77இலிருந்து உமையா ஆட்சி கவிழ்ந்த 132 வரை எல்லா ஆண்டுக்கும் இந்தத் தினார் கிடைக்கிறது. அத்தனை கலீபாக்களில் ஒருவரும் தம் பெயரைச் சேர்க்கவில்லை.

வெள்ளியை மாற்றும் பொறுப்பு கிழக்கை ஆண்ட ஹஜ்ஜாஜிடம். ஹிஜ்ரி 78, 79இல் குஸ்ரூ மறையத் தொடங்கினான். எழுத்துத் திர்ஹம் வந்தது. பத்துத் திர்ஹம் ஏழு தினாரின் எடை என்று கணக்கு. திர்ஹமில் ஊரும் ஆண்டும் உண்டு. எந்த ஊர்க்காசில் வெள்ளி குறைந்தாலும் ஆளைப் பிடித்துவிடலாம். ஹஜ்ஜாஜ் வாஸித் நகரைக் கட்டிய பிறகு 84 முதல் அங்கே பெரிய அளவில் திர்ஹம் அடிக்கப்பட்டது. புதுக்காசுக்குச் சிலர் 'வெறுக்கத்தக்கது' என்றே பெயர் வைத்தார்களாம்: இறைவசனம் இருக்கும் பொருளைத் தூய்மை இல்லாத கையும் தொடுமே என்று. இலங்கை வாசகர்களுக்கு இந்த ஹஜ்ஜாஜ் வேறொரு வகையில் தெரிந்திருக்கலாம். 'மாணிக்கத் தீவின்' அரசன் அனுப்பிய முஸ்லிம் பெண்களின் கப்பலைத் தேபல் துறைமுகம் அருகே கொள்ளையர் பிடித்ததால் சிந்துவின் மேல் படை அனுப்பினார் என்று பலாதுரி எழுதுவது இவரைத்தான். அந்தத் தீவு இலங்கை என்பதே பொதுவான கருத்து.

செம்பு மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. அது உள்ளூர்ச் சில்லறை, டமாஸ்கஸ் அதில் தலையிடவில்லை. ஹிம்ஸ் செப்புக்காசில் பின்னங்கால் நீண்ட பாலைவன எலி ஒன்று குந்தியிருக்கிறது. பாலஸ்தீனப் பகுதியின் ஒரு காசில் யூதர்களின் கிளை விளக்கான மெனோரா. முதலில் ஏழு கிளையோடு, பிறகு ஐந்து கிளையோடு, சுற்றிலும் கலிமாவோடு. வெள்ளியிலோ காஸ்பியன் கரையில் தபரிஸ்தான் இன்னும் ஒரு நூற்றாண்டு பிடிவாதமாக இருந்தது. அப்பாசியர் ஆட்சியிலும் அங்கே குஸ்ரூவும் நெருப்புப் பீடமும் பொறித்த அரைத் திர்ஹம்தான். 780களில் சுலைமான் என்ற ஆளுநர் அதிலிருந்து முகத்தை மட்டும் நீக்கினார். மகுடம் இருக்கிறது, சிறகு இருக்கிறது, தோள் இருக்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாய்சதுரம், அதற்குள் அரபியில் 'பஹ்', அதாவது 'பலே' என்று.

அதே காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்தின் மெர்சியா நாட்டு மன்னன் ஆஃபா ஒரு பொற்காசு அடித்தான். ஹிஜ்ரி 157இல் வந்த அப்பாசியத் தினாரின் அச்சான நகல். கலிமா இருக்கிறது, நடுவில் லத்தீனில் 'மன்னன் ஆஃபா', அரபு எழுத்துக்குத் தலைகீழாக. அச்சு வெட்டியவனுக்கு அரபு எழுத்தில் எது மேல் எது கீழ் என்றே தெரியவில்லை. தினார் என்றால் நல்ல பொன் என்பது மட்டும் தெரிந்திருந்தது. 837–38இல் கஸார் நாட்டில் அடித்த திர்ஹம் நகல்கள் சிலவற்றில் 'மூஸா அல்லாஹ்வின் தூதர்' என்று இருக்கிறது. யூத சமயத்தைத் தழுவிய அரசு, முஸ்லிம் காசின் வடிவத்தை விடாமல் நபியின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. சுவீடனின் கோத்லாந்து தீவில் 1999இல் தோண்டியெடுத்த ஸ்பில்லிங்ஸ் புதையலில், ஆயிரக்கணக்கான திர்ஹம்களுக்கு நடுவே அப்படி ஒரு காசும் இருந்தது.

மேற்கு எல்லையில் நடந்தது இன்னும் விசித்திரம். மூசா பின் நுஸைர் ஆப்பிரிக்காவிலும், 711க்குப் பின் ஸ்பெயினிலும் அடித்த பொற்காசுகளில் அரபு எழுத்தே இல்லை. அல்லாஹ்வைத் தவிர இறைவன் இல்லை என்ற வாசகம் லத்தீனில், அதுவும் உயிரெழுத்துகளை விழுங்கிய சுருக்கத்தில் இருக்கிறது. ஸ்பெயின் காசுகளின் நடுவே ஓர் எட்டுமுனை நட்சத்திரம். ஹிஜ்ரி 98இல் ஒருபக்கம் லத்தீனும் மறுபக்கம் அரபியுமாக ஒரு தினார் வந்தது. 'அல்-அந்தலுஸ்' என்ற பெயர் வரலாற்றில் முதன்முதலாக எழுத்தில் கிடைப்பது அந்தக் காசில்தான். அந்த நட்சத்திரத்தையும், அதை அடித்த மூசாவின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.